ஒரு கட்டளை, பல எழுத்து முறைகள்: அசெம்பிளர் தெரிவின் வரலாறு



சென்ற தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்திருந்தார். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் அமர்ந்து வாய்பாடு ஒப்பித்த பிள்ளை. இப்பொழுது தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினித் துறையில் பயில்கிறார். நலம் விசாரித்து முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி, "டீச்சர், இந்தப் படிப்பை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம் கேட்டேன். அசெம்பிளி மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதி வருமாறு கல்லூரியில் பணி கொடுத்திருக்கிறார்கள். எந்த அசெம்பிளரைப் பயன்படுத்துவது என்பதை மாணவரே தெரிவு செய்துகொள்ளலாம். இவர் ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்களைக் கூட்டும் நிரலை எழுதினார். அசெம்பிளர் ஒரு பிழையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது, நிரலும் ஓடியது. ஆனால், திரையில் 15 வரவேண்டிய இடத்தில் பொருந்தாத ஒரு பெரிய எண் வந்தது. மூன்று இரவுகள் முயன்றும் அவருக்குக் காரணம் புலப்படவில்லை. "எனக்குக் கணினி மூளை இல்லை, டீச்சர்" என்றார்.

நான் கணினி வல்லுநர் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்ற அடிப்படையும் பிறகு ஆர்வத்தால் படித்தறிந்ததும்தான் என் முதலீடு. எனினும், அவர் காட்டிய தாள்களைப் பார்த்தவுடன் ஒன்று புரிந்தது. ஒரே வகைக் கட்டளை மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. சில வரிகள் நூலகத்துப் பழைய நூலிலிருந்தும், சில விரிவுரைக் குறிப்பிலிருந்தும், சில இணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒரு மொழிக்குள் வெவ்வேறு எழுத்து முறைகள் கலந்துவிட்டன. மொழியாசிரியர்களாகிய நமக்கு இது புதிதா என்ன? இந்த எழுத்து முறைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

அசெம்பிளர் என்றால் என்ன?

கணினியின் மூளையாகிய சில்லுக்கு எண்களைத் தவிர வேறெதுவும் புரியாது. தனியாள் கணினிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் இண்டெல் குடும்பத்துச் சில்லில் ஏஎக்ஸ், பிஎக்ஸ் எனும் பெயர் கொண்ட பதிவகங்கள் உள்ளன. பதிவகம் என்பது சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு அறை. பிஎக்ஸில் இருப்பதை ஏஎக்ஸில் படியெடுத்து வைக்கவேண்டுமானால் 137, 216 எனும் இரண்டு எண்களைச் சில்லுக்கு ஊட்ட வேண்டும். இது எந்திரமொழி.

இந்த எண்களை மாந்தர் நினைவில் வைத்திருப்பது கடினம். ஆகவே, "மூவ் ஏஎக்ஸ், பிஎக்ஸ்" என்று சொல்லால் எழுதிக்கொள்கிறோம். இது அசெம்பிளி மொழி. இச்சொற்களை எண்களாக மாற்றித்தரும் மென்பொருளே அசெம்பிளர். ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் ஒரு கட்டளை பிறக்கும். எழுதுபவர் சில்லுடன் ஏறக்குறைய நேரில் பேசுகிறார்.

கணினியின் தொடக்கக் காலத்திலேயே இத்தேவை உணரப்பட்டது. 1949 மே 6ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் எனும் கணினி தன் முதல் நிரலை இயக்கியது. அதற்காக டேவிட் வீலர் எனும் ஆய்வு மாணவர் 31 கட்டளைகளைக் கொண்ட ஒரு சிறு தொடக்க நிரலை எழுதியிருந்தார். கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ் என ஓரெழுத்துக் குறிகளைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுத்தால், அந்நிரல் அவற்றைப் படித்து எந்திரமொழியாக மாற்றிக்கொள்ளும். அசெம்பிளரின் முன்னோடிகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது.

தெரிவே இல்லாத காலம்

தனியாள் கணினிகள் தோன்றியபோது வரலாறு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது எனலாம். 1975ஆம் ஆண்டு வெளிவந்த ஆல்டேர் 8800 எனும் கணினியின் அடிப்படை நினைவகம் 256 பைட்டுகள்தாம். அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பிலிருந்த சொடுக்கிகளை மேலும் கீழும் தட்டியே எண்களை உள்ளே செலுத்தவேண்டும். அத்தகைய எந்திரத்திற்குள் அசெம்பிளரை எங்கே வைப்பது?

வசதி வாய்த்தவர்கள் பெரிய கணினியை நாடினார்கள். பில் கேட்சும் பால் ஆலனும் ஆல்டேருக்கான பேசிக் மொழியை உருவாக்கியபோது அவர்கள் கையில் ஆல்டேர் இருக்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 எனும் பெருங்கணினியில், அதன் அசெம்பிளரையே ஆல்டேரின் சில்லுக்கேற்ப மாற்றியமைத்துப் பணியை முடித்தார்கள். ஒரு கணினியில் அமர்ந்து மற்றொரு கணினிக்குரிய நிரலை ஆக்கும் முறை அது.

வசதி வாய்க்காதவர் என்ன செய்தார்? ஆப்பிள் கணினியின் தந்தையாகிய ஸ்டீவ் வோஸ்னியாக் தாமே அசெம்பிளர் ஆனார்! தம் பேசிக் மொழிக்குரிய கட்டளைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைக் கையாலேயே கண்டெழுதினார். இடையில் ஒரு கட்டளையைச் சேர்த்தால் பின்வரும் முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். அவற்றையும் கையாலேயே திருத்தவேண்டும். அந்தத் துன்பத்தை நேரில் அறிந்தவர் என்பதாலோ என்னவோ, 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியின் நிலை நினைவகத்திலேயே சிறு அசெம்பிளர் ஒன்று இடம்பெற்றது. முகவரிகளுக்குப் பெயர் சூட்ட அதில் வழியில்லை. ஆயினும், எண்களை மனப்பாடம் செய்யும் சுமை குறைந்தது.

1981: ஐபிஎம் கணினியும் மாஸ்மும்

1978இல் இண்டெல் நிறுவனம் 8086 எனும் சில்லை வெளியிட்டது. அதற்கான அசெம்பிளரையும் இண்டெல் வைத்திருந்தது. ஆனால், அது பொறியியல் நிறுவனங்கள் வாங்கும் இண்டெலின் சொந்த வடிவமைப்புக் கணினிகளுக்கானது. வீட்டிலிருந்து எழுதுபவருக்கு எட்டாக்கனி.

1980இல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் எனும் சிறு நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் என்பவர் 8086க்கு ஓர் இயங்குதளத்தை எழுதினார். அதை எழுத அசெம்பிளர் வேண்டுமே! அதையும் அவரே எழுதிக்கொண்டார். அந்த இயங்குதளத்தை 1981இல் மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கியது. அதுவே எம்எஸ்-டாஸ் ஆகியது.

1981 ஆகஸ்ட்டு 12ஆம் நாள் ஐபிஎம் தன் தனியாள் கணினியை அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்ட் உருவாக்கிய மேக்ரோ அசெம்பிளர் அக்கணினிக்கு வந்தது. மாஸ்ம் என்று நாம் சுருக்கி அழைப்பது இதைத்தான். அதன் நெகிழ்வட்டில் இரண்டு அசெம்பிளர்கள் இருந்தன. மேக்ரோ வசதி இல்லாத சிறியது 64 கிலோபைட்டு நினைவகத்தில் இயங்கும். முழுமையானதற்கு 96 கிலோபைட்டு தேவை. ஐபிஎம் கணினியின் மிகக் குறைந்த விலைப் பதிப்பில் இருந்ததோ வெறும் 16 கிலோபைட்டு! ஆகவே, அசெம்பிளரைத் தெரிவு செய்வதற்கு முன்பே நினைவகத்தை வாங்கியாக வேண்டும். முதல் தெரிவைச் செய்தது பணப்பைதான்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அசெம்பிளியில் எழுதினார்கள் என்று கேட்கலாம். வேகம்தான் காரணம். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 எனும் விரிதாள் மென்பொருள் அசெம்பிளியில் எழுதப்பட்டது. அதே காலத்தில் இருந்த காண்டெக்ஸ்ட் எம்பிஏ எனும் மென்பொருளில் வசதிகள் நிறைய இருந்தும், பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டதால் மெதுவாக இயங்கியது. சந்தை வேகமானதையே ஏற்றுக்கொண்டது. ஆனால், வேறொரு பாடமும் இதில் உண்டு. லோட்டசின் மூன்றாம் பதிப்பைச் சி மொழியில் திரும்ப எழுதினார்கள். அது 1989இல்தான் வெளிவந்தது. அசெம்பிளி தந்த வேகத்திற்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

மாஸ்மின் இலக்கணம் இண்டெலின் இலக்கணத்தைத் தழுவியது. அதில் ஒரு தனித்தன்மை உண்டு. நினைவகத்தில் ஓர் இடத்திற்கு "மொத்தம்" என்று பெயரிட்டிருக்கிறோம் என வைத்துக்கொள்வோம். "மூவ் ஏஎக்ஸ், மொத்தம்" என்று எழுதினால், அந்த இடத்தில் இருக்கும் மதிப்பை எடுத்து வரும்படி சொல்வதாக மாஸ்ம் பொருள்கொள்ளும். ஏனெனில், "மொத்தம்" எவ்வகையானது என்று முன்பு அறிவித்ததை அது நினைவில் வைத்திருக்கிறது. அந்த இடத்தின் முகவரியே வேண்டுமென்றால் "ஆஃப்செட்" எனும் சொல்லை முன்னே சேர்க்கவேண்டும்.

நம் இலக்கணத்தில் சொல்வதானால், இது வேற்றுமைத்தொகை போன்றது. "பால் குடித்தான்" என்றால் "பாலைக் குடித்தான்" என்று உருபு இல்லாமலே உணர்ந்துகொள்கிறோம் அல்லவா? மாஸ்மும் உருபு தொக்கு நிற்க, இடம் நோக்கிப் பொருள் உணர்கிறது. பழகியவருக்கு இது வசதி. புதியவருக்கோ ஒரு வரியை மட்டும் படித்துப் பொருள் காண இயலாது. முன்னே சென்று அறிவிப்பைத் தேடவேண்டும்.

போட்டியாளர்கள் வருகை

மாஸ்மின் தொடக்கப் பதிப்புகளில் மிகச் சிறிய நிரலுக்கும் முன்னுரை போலப் பல வரிகள் எழுதவேண்டியிருந்தது. இந்தச் சடங்குகளில் சலித்தவர்களுக்காக 1980களின் நடுப்பகுதியில் எரிக் ஐசக்சன் எனும் தனிமனிதர் ஏ86 என்ற அசெம்பிளரை வெளியிட்டார். முன்னுரை வரிகள் வேண்டியதில்லை. தனியாக லிங்கர் எனும் இணைப்பு மென்பொருளும் வேண்டியதில்லை. எழுதிய உடனே ஓடத்தக்க நிரல் கிடைத்துவிடும். அதை நெகிழ்வட்டில் படியெடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் ஆசிரியருக்குப் பணம் அனுப்பவேண்டும்.

பணம் அனுப்பாமல் பயன்படுத்துவோரை எப்படிக் கண்டறிவது? ஐசக்சன் கையாண்ட உத்தி வியப்புக்குரியது. முன்னே "மூவ் ஏஎக்ஸ், பிஎக்ஸ்" என்பதற்கு 137, 216 என்று சொன்னேன். அதே கட்டளையை 139, 195 என்றும் எழுதலாம். சில்லுக்கு இரண்டும் ஒன்றே. இப்படி இருவழி உள்ள கட்டளைகள் பல. அவற்றுள் எதை எங்கே தெரிவு செய்வது என்பதில் ஏ86 தனக்கே உரிய ஒரு கலவையைக் கையாண்டது. ஆகவே, முடிவான நிரலின் எண்களைப் பார்த்தே அது ஏ86இல் ஆக்கப்பட்டதென்று சொல்லிவிடலாம். மாணவரின் கையெழுத்தைப் பார்த்தே இன்னார் எழுதியது என்று நாம் கண்டுபிடிப்பதில்லையா? அதுபோலத்தான்!

1988இல் போர்லாண்டு நிறுவனம் டர்போ அசெம்பிளர் எனும் டாஸ்மைக் கொண்டுவந்தது. அது மாஸ்மை விட வேகமானது. மாஸ்முக்காக எழுதப்பட்ட நிரல்களையும் அது ஏற்கவேண்டும். இல்லையேல் யாரும் மாறி வரமாட்டார்கள். ஆகவே, மாஸ்மைப் போலவே நடந்துகொள்ளும் நிலை ஒன்றும், "ஐடியல்" எனும் பெயரில் திருத்தமான இலக்கணம் கொண்ட நிலை ஒன்றும் அதில் அமைந்தன. அது மட்டுமன்று. மாஸ்மின் ஏறுமாறான பழக்கங்களையும் அப்படியே பின்பற்றுவதற்கு "குவர்க்ஸ்" என்றொரு கட்டளையும் இருந்தது! பலர் ஒரு பிழைக்குப் பழகிவிட்டால் அதுவும் மரபாகிவிடுகிறது. வழக்கில் நிலைத்துவிட்ட வழூஉச் சொற்களோடு போராடும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

மற்றொரு மரபு

இதே காலத்தில் வேறொரு வழியிலும் எழுத்து முறை ஒன்று வளர்ந்து வந்தது. அது யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழி. யூனிக்ஸ் தன் தொடக்கக் காலத்தில் வளர்ந்த பிடிபி-11 கணினியின் அசெம்பிளியில், எதை எடுக்கிறோம் என்பது முதலிலும் எங்கே வைக்கிறோம் என்பது பின்னரும் வரும். இண்டெல் முறையிலோ வைக்கும் இடம் முதலில் வரும். யூனிக்ஸ் இண்டெல் சில்லுகளுக்கு வந்தபோது ஏடி அண்ட் டி நிறுவனத்தார் தம் பழைய வரிசையையே கொண்டுவந்தனர். க்னு திட்டத்தின் அசெம்பிளராகிய காஸ் அம்முறையைப் பின்பற்றியது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டதற்குப் பிறகு அது உலகெங்கும் பரவியது.

தமிழில் "பெட்டியில் பேனாவை வை" என்றாலும் "பேனாவைப் பெட்டியில் வை" என்றாலும் பொருள் மாறுவதில்லை. வேற்றுமை உருபு நம்மைக் காப்பாற்றுகிறது. அசெம்பிளியில் இவ்விடத்தில் உருபு கிடையாது, வரிசையே பொருள். ஆகவே, ஒரு முறைக்குரிய வரியை மற்றொரு முறைக்குரிய அசெம்பிளரிடம் கொடுத்தால், பேனாவுக்குள் பெட்டியை வைக்கச் சொன்ன கதையாகிவிடும். நல்ல வேளையாக, ஏடி அண்ட் டி முறையில் பதிவகங்களின் முன் விழுக்காட்டுக் குறி இடவேண்டும். அதனால், பெரும்பாலும் அசெம்பிளர் பிழை காட்டி நிறுத்திவிடும். பின்னாளில் காஸ் இண்டெல் முறையையும் ஏற்கும் வசதியைப் பெற்றது.

காஸுக்கு இன்னொரு பண்பும் உண்டு. அது முதன்மையாக மாந்தர் எழுதுவதைப் படிப்பதற்காக உருவாக்கப்பட்டதன்று. சி போன்ற மொழிகளை மாற்றித்தரும் கம்பைலர் உமிழ்வதைப் படிப்பதற்காகவே அது அமைந்தது. கம்பைலர் எழுத்துப்பிழை செய்யாது. ஆகவே, பிழை செய்யும் மாணவருக்கு அன்றைய காஸ் அவ்வளவு பொறுமையான ஆசானாக இருக்கவில்லை.

1996: நாஸ்ம் பிறந்த கதை

1990களின் நடுப்பகுதியில் ஒரு நிரலர் அசெம்பிளரைத் தெரிவு செய்ய முனைந்தால் நிலைமை இதுதான். மாஸ்ம் விலை மிகுந்தது. மைக்ரோசாப்ட் உலகைத் தாண்டாது. டாஸ்ம் சிறந்தது, ஆனால், மாஸ்மின் பழஞ்சுமையைச் சுமந்தது. ஏ86 எளியது, 32 பிட்டு வசதி பணம் செலுத்தியவர்க்கே. காஸ் இலவசம், எனினும் கையால் எழுதுபவருக்கு ஏற்றதன்று. இக்குறைகள் இணையத்தில் நிரலர்களிடையே பேசப்பட்டதன் விளைவாக, 1996இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாத்தமும் ஜூலியன் ஹாலும் நாஸ்ம் எனும் புதிய அசெம்பிளரை எழுதி வெளியிட்டனர். டாஸ், விண்டோஸ், லினக்ஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் அதைக்கொண்டு நிரல் ஆக்கலாம். மூல நிரலும் திறந்து வைக்கப்பட்டது.

நாஸ்ம் எடுத்த ஒரு முடிவு நம் கதைக்கு மிகவும் முக்கியமானது. அது எந்தப் பெயரின் வகையையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "மூவ் ஏஎக்ஸ், மொத்தம்" என்று எழுதினால் அந்த இடத்தின் முகவரிதான் கிடைக்கும். உள்ளே இருக்கும் மதிப்பு வேண்டுமானால் "மொத்தம்" எனும் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடவேண்டும். விதி அவ்வளவுதான், விலக்கு இல்லை. மாஸ்மில் தொகையாக இருந்தது நாஸ்மில் விரியாகிவிட்டது. அடைப்புக்குறியே உருபு. ஒரு வரியைத் தனியே படித்தாலும் பொருள் விளங்கும்.

என் மாணவரின் 15 எங்கே போயிற்று என்பதை இப்பொழுது நீங்களே ஊகித்திருப்பீர்கள். அவர் வைத்திருந்தது நாஸ்ம். ஆனால், விடையை எடுத்து அச்சிடும் வரியை மாஸ்முக்காக எழுதப்பட்ட நூலிலிருந்து எடுத்திருந்தார். அடைப்புக்குறி இல்லை. நாஸ்ம் தன் விதிப்படி, வீட்டிலிருக்கும் ஆளை அழைத்து வராமல் வீட்டு எண்ணைக் கொண்டு வந்து கொடுத்தது. இரண்டு எழுத்து முறைகளிலும் அந்த வரி இலக்கணப்படி சரியே. ஆகவே பிழைச் செய்தியும் வரவில்லை. 15 நினைவகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. அவருடைய கூட்டல் தொடக்கத்திலிருந்தே சரி!

நிலைத்தவையும் நின்றுபோனவையும்

2000ஆம் ஆண்டில் போலந்து நாட்டு நிரலர் தோமஸ் கிரிஷ்தார் ஃபாஸ்ம் எனும் அசெம்பிளரை வெளியிட்டார். அது தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் வகையில், தன் அசெம்பிளியிலேயே எழுதப்பட்டது. நிரலை ஆக்கத் தேவையான எல்லாக் குறிப்புகளும் மூலக் கோப்பிலேயே இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. எவர் கையில், எந்தக் கணினியில் ஆக்கினாலும் ஒரே விளைவுதான். மெனுவெட் எனும் முழு இயங்குதளமே ஃபாஸ்மில் எழுதப்பட்டு ஒரு நெகிழ்வட்டுக்குள் அடங்கியது.

2003இல் ஏஎம்டி நிறுவனத்தின் ஆப்டிரான் சில்லோடு 64 பிட்டு காலம் தொடங்கியது. அதுவே பெரிய தேர்வாக அமைந்தது. டாஸ்மும் ஏ86உம் அந்த எல்லையைத் தாண்டவில்லை. அவற்றை நம்பி எழுதியவர்களின் நிரல்கள் பழைய உலகிலேயே நின்றுவிட்டன. மாஸ்ம் 2005இல் 64 பிட்டு வடிவம் பெற்றது. ஆனால், 1990களில் அதில் சேர்ந்திருந்த உயர்நிலை வசதிகள் சில அவ்வடிவத்தில் இடம்பெறவில்லை. நாஸ்ம் 2007இல் இரண்டாம் பதிப்போடு 64 பிட்டுக்கு மாறியது. அதற்குள் யாஸ்ம் எனும் மற்றோர் அசெம்பிளர் நாஸ்மின் இலக்கணத்தையே ஏற்று முந்திக்கொண்டது. ஆனால், யாஸ்மின் 1.3 பதிப்பு 2014இல் வெளிவந்த பிறகு அதன் வளர்ச்சி தேங்கியது. காணொலித் துறையில் புகழ்பெற்ற எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264 ஆகிய திட்டங்கள் புதிய சில்லுகளின் கட்டளைகளுக்காக நாஸ்முக்கு வந்து சேர்ந்தன. இலக்கணம் பொதுவாக இருந்ததால் அந்த இடமாற்றம் பெருந்துன்பமின்றி நடந்தது.

இங்கே நான் கண்ட உண்மை இதுதான். அசெம்பிளர் மறைந்தாலும் இலக்கணம் பொதுவுடைமையாக இருந்தால் எழுதியது பிழைக்கும். மூல நிரல் திறந்திருந்தால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். நாஸ்மைத் தொடங்கிய இருவரும் விலகிய பிறகும் எச். பீட்டர் அன்வின் போன்றோர் அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். 2009இல் இன்னும் தாராளமான உரிமத்தின்கீழ் அது வெளியிடப்பட்டது.

ஓர் ஆசிரியரின் தெரிவு

ஆசிரியர்களாகிய நமக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்க விழைகிறேன். கலிபோர்னியாவில் அசெம்பிளி மொழி கற்பித்தவர் ராண்டல் ஹைடு. ஒரு பருவ காலத்தில் மாணவர் முழு அசெம்பிளியைக் கற்பது கடினம் என்பதைக் கண்ட அவர், மாணவருக்கு முன்பே தெரிந்த உயர்நிலை மொழிகளின் சாயலில் எச்எல்ஏ எனும் அசெம்பிளரைத் தாமே உருவாக்கினார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லும் நம் கற்பித்தல் நெறிதான்! 2003இல் அதைக்கொண்டு அவர் எழுதிய நூல் பலரும் விரும்பிப் படித்த பாடநூலாயிற்று. ஆனால், 2021இல் 64 பிட்டு அசெம்பிளிக்கு அவர் எழுதிய நூல் மாஸ்மைக் கொண்டே அமைந்தது. தாம் பெற்ற பிள்ளையாயினும், காலத்திற்கு ஏற்ற கருவி வேறென்றால் அதையே ஏற்பது ஆசிரியர்க்குரிய பண்பு.

ஆகவே, எந்த அசெம்பிளர் சிறந்தது என்று கேட்டால் ஒரே விடை இல்லை. விண்டோசுக்கு மட்டும் எழுதுபவர், கையில் நல்ல மாஸ்ம் நூல் இருந்தால் மாஸ்மையே கொள்ளலாம். இன்று அது விஷுவல் ஸ்டுடியோவுடன் வருகிறது. கம்பைலர் ஆக்கித்தருவதைப் படித்தறிய விரும்புவோர் காஸின் முறையைத் தெரிந்திருக்கவேண்டும். பல இயங்குதளங்களில் பழகவேண்டிய தொடக்க மாணவருக்கு நாஸ்மின் விலக்கில்லாத விதி துணை நிற்கும். ஆனால், எதைக் கொண்டாலும் அதற்கென எழுதப்பட்ட ஒரு நூலைப் பிடித்து, பணி முடியும்வரை அதையே பின்பற்றவேண்டும். இணையத்தில் ஒரு வரியைக் கண்டால், "இது யாருடைய எழுத்து முறை?" என்று முதலில் கேட்கவேண்டும். என் மாணவருக்குத் தெரியாமல் போனது இந்த ஒரு கேள்விதான்.

அன்று மாலை அவரும் நானும் மேசையில் அமர்ந்து அவர் நிரலை வரிவரியாகப் படித்தோம். பிற முறைகளுக்குரிய வரிகளை அவரே அடையாளம் கண்டு நாஸ்முக்கு ஏற்ப மாற்றினார். கடைசியில் அடைப்புக்குறியை இட்டு நிரலை ஓட்டினார். திரையில் 15 என்று வந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்படியானால் நான் கூட்டியது சரிதானா, டீச்சர்?" என்று கேட்டார். படிப்பை விடுவது பற்றி அதற்குப் பின் அவர் பேசவில்லை.

ஆசிரிய அன்பர்களே, பெற்றோர்களே! இன்று நம் பிள்ளைகள் இளம் வயதிலேயே நிரலாக்கம் பழகுகிறார்கள். ஒரு பிள்ளை "எனக்கு வரவில்லை" என்று சொல்லும்போது, அறிவு போதவில்லை என்று உடனே முடிவு கட்டவேண்டா. எந்தக் கருவி, எந்த நூல், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று அருகில் அமர்ந்து பாருங்கள். சில வேளைகளில் பிள்ளையின் விடை சரியாகவே இருக்கும். அதை எடுத்துக் காட்டும் வரிதான் வேறொருவருடையதாக இருக்கும்.